கோடிட்ட இடங்களை நிரப்பாதீர்கள்

"மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்னு ஒண்ணு இருந்ததே சார், அது என்ன ஆச்சு?" என்று வாக்கிங் போகிற இடத்தில் இன்னமும் யாராவது கேட்கிறார்கள். 2000ஆம் ஆண்டையொட்டிய நாட்களில் சென்னையில் தெருவுக்கு ஒரு பெண்ணாவது அந்தக் கோர்ஸில் சேர்ந்திருப்பாள். மின்கம்பத்தில் நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்ற ஆசை வார்த்தை. அப்புறம் எப்போது மறைந்தது என்றே தெரியாமல் மறைந்துபோயிற்று.

"டாக்டர் பேசுவதைக் கம்ப்யூட்டரே எழுத ஆரம்பித்துவிட்டது" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். நானும் பல தடவை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் 100 வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அதில் எடிசன் வருகிறார், கிண்டியில் படித்த ஒருவர் வருகிறார், திவாலான ஒரு பெல்ஜியம் கம்பெனி வருகிறது. அந்தத் தொழிலில் 11 வருஷம் எடிட்டராக இருந்தவன் என்ற முறையில் அந்தக் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் யாரும் இப்போது ஃபைல் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அந்த ஃபைலில் இருப்பதை யார் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்பது நமக்கு வெறும் சரித்திர விஷயம் இல்லை.

திருப்பிக் கேட்க முடியாத டைப்பிஸ்ட்

நான் அடிப்படையில் ஸ்டெனோ. 1970களில் டைப்ரைட்டிங் ஹையர், பிட்மன் ஷார்ட்ஹேண்ட் இரண்டும் பாஸ் செய்து ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தேன். மேனேஜர் எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். "மார்ச் 31" என்று ஆரம்பித்துக் கீழே "ஏப்ரல் 31" என்றால், "சார், ஏப்ரலுக்கு 30தானே?" என்று கேட்போம். அவரும் திருத்திக்கொள்வார். எழுதுகிற வேலையில் பாதி இந்தக் கேள்விதான். இது ஸ்டெனோவாக இருந்த எல்லாருக்கும் தெரியும்.

எடிசன் 1877இல் ஃபோனோகிராஃப் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே, அது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பத்திரிகையில் பட்டியல் போட்டார். பாட்டுக் கேட்பதை அவர் முதலில் வைக்கவில்லை. ஸ்டெனோகிராஃபர் இல்லாமல் கடிதம் சொல்லி எழுதவைக்கலாம் என்பதுதான் முதல் இடத்தில் இருந்தது. மெழுகு உருளையில் பேசிப் பதிவு செய்யும் இயந்திரம் அமெரிக்க ஆபீஸ்களுக்கு வந்தது. 1907இல் கொலம்பியா கம்பெனி அதற்கு டிக்டஃபோன் என்று பெயர் வைத்தது. ஒரு தடவை டைப் செய்து முடித்ததும் மெழுகின் மேல்பரப்பைச் சீவிவிட்டு அதே உருளையில் மறுபடியும் பேசலாம். நம் வீட்டுக் குழந்தைகள் சிலேட்டைத் துடைத்து எழுதியது மாதிரி.

அதே 1907இல், மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஹென்றி பிளம்மர் ஒரு காரியம் செய்தார். அதுவரை ஒவ்வொரு டாக்டரும் தனித்தனி லெட்ஜரில் குறிப்பு எழுதிவந்தார்கள். பிளம்மர் ஒரு நோயாளிக்கு ஒரு நம்பர், ஒரே ஃபைல் என்று கொண்டுவந்தார். யார் எப்போது பார்த்தாலும் குறிப்பு அந்த ஃபைலில்தான் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கு நாம் வைத்திருக்கும் யு.ஹெச்.ஐ.டி. நம்பருக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

அப்படி ஒழுங்காக எழுதியவர்கள் குறைவு. 1918இல் அமெரிக்க சர்ஜன்கள் சங்கம் 100 படுக்கைக்கு மேலுள்ள 692 ஆஸ்பத்திரிகளைச் சோதித்தபோது, குறைந்தபட்சத் தகுதி இருந்தவை 89தான். முழுமையான கேஸ் ரெக்கார்ட் வைத்திருப்பது அந்தத் தகுதிகளில் ஒன்று. தேறாதவற்றில் பெரிய பெரிய பெயர்கள் இருந்ததால், பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கக் கூடாது என்று பட்டியலையே நியூயார்க் ஓட்டல் ஒன்றின் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். அதன் பிறகு ரெக்கார்ட் எழுதுவது கட்டாயமாக ஆக, டாக்டர்களுக்கு எழுத்து வேலை குவிந்தது. நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து எழுத யாரால் முடியும்? டிக்டஃபோனில் பேசி வைத்துவிட்டால் டைப்பிஸ்ட் பார்த்துக்கொள்வார். உருளை போய் 1947இல் பிளாஸ்டிக் பெல்ட் வந்தது, 1967இல் ஃபிலிப்ஸ் மினி கேசட் வந்தது. டைப்பிஸ்ட் காதில் ஹெட்போன், காலடியில் பெடல் என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை.

மாறிப்போனது வேறு ஒன்று. டாக்டர் இப்போது எதிரே இல்லை. "சார், அது 15ஆ 50ஆ?" என்று கேட்க ஆளில்லை. பேசிவிட்டுப் போய்விட்டார். இந்த இக்கட்டில்தான் டைப்பிஸ்டுகள் பிளாங்க் விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். காதில் சரியாக விழாத இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுவது. டாக்டர் கையெழுத்துப் போடும்போது அந்தக் கோடு அவர் கண்ணில் படும், அவரே நிரப்புவார். திருப்பிக் கேட்க முடியாதவர்கள் காகிதத்தில் எழுதி வைத்த கேள்வி அது. பள்ளிக்கூடப் பரீட்சையில் கோடிட்ட இடங்களை நிரப்புக என்பார்கள். எங்கள் தொழிலில் முதல் பாடமே, தெரியாவிட்டால் நிரப்பாதே என்பதுதான்.

கிண்டியில் படித்தவரும் இயந்திரக் காதும்

ஒரு பக்கம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் இயந்திரத்துக்கே காது வைக்க முயற்சி நடந்தது. 1952இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆட்ரி என்ற இயந்திரம், பழக்கிய ஒருவர் குரலில் பூஜ்யம் முதல் 9 வரை சொன்னால் அடையாளம் கண்டது. 1962இல் சியாட்டில் உலகப் பொருட்காட்சியில் ஐ.பி.எம். காட்டிய ஷூபாக்ஸ் 16 வார்த்தைகளைப் புரிந்துகொண்டது.

அப்போதைய மெட்ராஸ் மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற கிராமத்தில் 1937இல் பிறந்தவர் ராஜ் ரெட்டி. கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் 1958இல் பட்டம் வாங்கி, ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்கா போனார். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் கட்டிய குழுதான் பேச்சைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் முன்னே நின்றது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறை 1971இல் 5 வருஷத் திட்டம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. 1976இல் அந்தக் குழுவின் ஹார்ப்பி என்ற அமைப்பு 1,011 வார்த்தைகளைத் தொடர்ச்சியான பேச்சிலேயே புரிந்துகொண்டது. 1994இல் ராஜ் ரெட்டிக்குக் கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருது கிடைத்தது.

அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் ஜேம்ஸ் பேக்கர். அவரும் மனைவி ஜேனட் பேக்கரும் 1982இல் டிராகன் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிற்பாடு டாக்டர்கள் மேஜையில் வந்து உட்கார்ந்த டிராகன் இதுதான்.

பேக்கரும், ஐ.பி.எம்.மில் ஃப்ரெட் ஜெலினெக் என்பவரும் பிடித்த வழி ஒன்றே. கம்ப்யூட்டருக்கு இலக்கணம் சொல்லித்தர வேண்டாம், அர்த்தமும் சொல்லித்தர வேண்டாம். லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கொடுத்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட வை. காதில் விழும் ஓசையையும் இந்தக் கணக்கையும் சேர்த்து, எது மிகவும் சாத்தியமோ அதை எழுது. ஐ.பி.எம். இப்படிச் செய்த இயந்திரத்துக்கு டங்கோரா என்று பெயர் வைத்தார்கள். ஆல்பர்ட் டங்கோரா யார் தெரியுமா? 1923இல் ஒரு மணி நேரம் விடாமல் நிமிஷத்துக்கு 147 வார்த்தை அடித்த டைப்ரைட்டிங் சாம்பியன். நாம் ஹையர் பரீட்சைக்கு 45 வார்த்தை வருவதற்கே விரல் தேய்ந்தவர்கள்!

இந்தக் கணக்கில் ஒரு குணம் இருக்கிறது. அது எப்போதும் ஏதாவது ஒரு விடை சொல்லும். மனசுக்குள் சந்தேகம் இருந்தாலும் (அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு எண் உள்ளே இருக்கிறது, சில மென்பொருள்கள் அந்தச் சொல்லை வேறு நிறத்தில் காட்டுவதும் உண்டு) காகிதம் நிரம்பித்தான் வெளியே வரும். கோடு இருக்காது.

விடியற்காலை ஷிஃப்ட்

1999இல் கம்பெனி வி.ஆர்.எஸ். கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன். ஆறே மாதத்தில் வீட்டில் உட்கார முடியாமல், அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு வேலை செய்யும் ஓர் இடத்தில் எடிட்டராகச் சேர்ந்தேன். அங்கே டாக்டர் மாலையில் வேலையை முடித்துவிட்டு டெலிபோனில் பேசி வைப்பார். நமக்கு அது விடியற்காலை. குரல் ஃபைலாகி இன்டர்நெட்டில் வந்து சேரும். இங்கே டைப் ஆகி, எடிட்டர் கேட்டுத் திருத்தி, மேலே ஒருவர் தரம் பார்த்து, அவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்கு முன் போய்விட வேண்டும். கூலி வரிக்கணக்கில். ஒரு வரி என்றால் 65 எழுத்து.

எத்தனை விதமான குரல்கள்! சிப்ஸ் கொறித்துக்கொண்டே பேசுகிறவர், காரில் போய்க்கொண்டே பேசுகிறவர், ஒரே மூச்சில் மந்திரம் சொல்வது போல் முடிக்கிறவர். பிலிப்பைன்ஸ் டாக்டர், சீன டாக்டர், நம் குண்டூர் டாக்டர். மேஜையில் மருத்துவ அகராதியும் மருந்துப் பெயர்ப் புத்தகமும் விரித்தபடியே இருக்கும். செலிப்ரெக்ஸ் மூட்டு வலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரிபிக்ஸ் வலிப்புக்கு. மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் அதிகம், ஹைப்போடென்ஷன் என்றால் குறைவு. எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் 'நோ'. 'நோ ஃபிராக்சர்' என்பதில் அந்த 'நோ' இருமலில் போய்விட்டால் இல்லாத எலும்பு முறிவு வந்துவிடும்.

எங்கள் ஷிஃப்டில் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். தமிழ் மீடியத்தில் படித்தவள், காது மட்டும் கத்தி. ஒரு நாள் ஸ்டீராய்டு மாத்திரை டோஸ் ஒன்று. 15 மில்லிகிராமா, 50ஆ? அந்த மருந்தில் இரண்டுமே உண்டு. ஐந்தாறு தடவை கேட்டாள், என்னைக் கூப்பிட்டாள், நானும் கேட்டேன். பிடிபடவில்லை. டீம் லீடர் வந்து, "50ன்னு போட்டுத் தள்ளும்மா, டைம் ஆச்சு" என்றார். பிளாங்க் அதிகமானால் அந்த மாத இன்சென்டிவில் கை வைப்பார்கள், அவளுக்கும் அது தெரியும். "எனக்கு 50ன்னு கேக்கலை சார்" என்று சொல்லிவிட்டுக் கோடு போட்டு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து டாக்டர் நிரப்பிய பிரதி வந்தது. 15.

இதை அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, டீம் லீடரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டோம். உலகத்தின் அந்தப் பக்கத்தில் முகம் தெரியாத ஒரு நோயாளி சரியான மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார். அவருக்கு இவளைத் தெரியாது.

டிராகன் வந்தது

டிராகன் கம்பெனி 1990இல் விற்ற மென்பொருளின் விலை 9,000 டாலர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். அதனால் எங்களுக்குப் பயமில்லை. 1997இல் நேச்சுரலி ஸ்பீக்கிங் வந்தது. சாதாரணமாகப் பேசினாலே எழுதியது. விலையும் நூற்றுக்கணக்கான டாலருக்கு இறங்கிவிட்டது. எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜிஸ்டுகள் இதில் முன்னோடிகள். அவர்கள் பேசுவது ஒரே மாதிரியான சொற்கள்தான், இருட்டறையில் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு நாள் காத்திருந்து வாங்கிய ரிப்போர்ட் சில நிமிஷத்தில் கைக்கு வந்தது. எமர்ஜென்சி வார்டில் படுத்திருப்பவருக்கு அது உயிர் காக்கும் வேகம் என்பதை மறுக்க முடியாது.

வியாபாரக் கதை தனிக்கூத்து. 2000ஆம் ஆண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த லெர்னவுட் அண்ட் ஹவுஸ்பி என்ற கம்பெனி டிராகனை வாங்கியது, அதே வருஷம் பழைய டிக்டஃபோனையும் வாங்கியது. பணமாகக் கொடுக்காமல் தன் பங்குகளாகக் கொடுத்து டிராகனை வாங்கியிருந்தது. சில மாதங்களிலேயே கணக்கில் மோசடி வெளிப்பட்டுக் கம்பெனி கவிழ்ந்தது. பேக்கர் தம்பதியின் கையில் இருந்த பங்குகள் செல்லாக்காசாகிவிட்டன. 18 வருஷ உழைப்பு! டிராகன் கைமாறி, 2005 முதல் நுவான்ஸ் என்ற பெயர் கொண்ட கம்பெனியிடம் இருந்தது. 2006இல் டிக்டஃபோனையும் அதே நுவான்ஸ் வாங்கியது. நுவான்ஸை மைக்ரோசாஃப்ட் 1,970 கோடி டாலருக்கு வாங்குவதாக 2021இல் அறிவித்து, 2022இல் முடித்தது. பேச்சைப் பதிவு செய்த இயந்திரமும், பேச்சை எழுத்தாக்கிய இயந்திரமும் இப்படி ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்தன.

எங்கள் இடத்தில் மாற்றம் படிப்படியாக வந்தது. முதலில் டைப் செய்ய வேண்டாம் என்றார்கள். இயந்திரம் டிராஃப்ட் தரும், கேட்டுக்கொண்டே திருத்தினால் போதும். வேலை சுலபம் என்று வரிக்கூலியைக் குறைத்தார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுலபம் இல்லை. மனுஷர் அடித்ததில் தவறு இருந்தால் எழுத்துப்பிழையாகக் கண்ணை உறுத்தும். இயந்திரத்தின் தவறில் எழுத்துப்பிழையே இருக்காது. வாக்கியம் அழகாக இருக்கும், அர்த்தம் மட்டும் வேறு. கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

2009இல் அமெரிக்க அரசு, கம்ப்யூட்டர் ரெக்கார்டுக்கு மாறும் ஆஸ்பத்திரிகளுக்கு ஊக்கத்தொகை தரச் சட்டம் போட்டது. டாக்டரே திரையைப் பார்த்துப் பேசி, அவரே திருத்தி, அவரே முடிக்கும் முறை பரவியது. நடுவில் ஆள் தேவைப்படவில்லை. 2011இல் நான் வெளியே வந்தேன். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் ஷிஃப்டே கலைந்தது. பிள்ளைகள் மெடிக்கல் கோடிங், பில்லிங் என்று போய்விட்டார்கள்.

மூன்று எண்கள்

வேலை போன ஆதங்கத்தில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகை ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. டாக்டர்கள் பேசி இயந்திரம் எழுதிய 217 குறிப்புகளை எடுத்து, மூன்று நிலைகளில் பிழை எண்ணினார்கள். இயந்திரம் எழுதியபடி 100 வார்த்தைக்கு 7.4 பிழை. டிரான்ஸ்கிரிப்ஷன்காரர் திருத்திய பிறகு 0.4. டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3.

இதில் எனக்குப் படுவது, நடுவில் இருப்பவரை எடுத்துவிட்டால் 7.4ஐ 0.3ஆக்கும் முழுச்சுமையும் டாக்டர் தலையில் விழுகிறது என்பதுதான். அவருக்கு நேரம் எங்கே? 2016இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, அங்கே டாக்டர் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 2 மணி நேரம் கம்ப்யூட்டரிலும் காகிதத்திலும் போகிறது.

நடுவில் ஆள் இருந்தாலே எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். 2008இல் அலபாமா மாநிலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு சிகிச்சை இல்லத்துக்கு மாற்றப்பட்ட ஒரு பெண்மணியின் டிஸ்சார்ஜ் குறிப்பு, இந்தியாவில் டைப் ஆனது. இன்சுலின் 8 யூனிட் என்பது 80 ஆகியிருந்தது. போகிற வழியில் எந்தக் கையிலும் அது பிடிபடவில்லை. 80 யூனிட் போடப்பட்டு அவர் இறந்துபோனார். 2012இல் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பூஜ்யம்! கேட்கிற காது மனுஷருடையதா இயந்திரத்துடையதா என்பதோடு விஷயம் முடியவில்லை. சந்தேகம் வந்தால் நிறுத்த அனுமதியும் அவகாசமும் உண்டா என்று பார்க்க வேண்டும். வரிக்கூலியும், பிளாங்க்குக்கு அபராதமும் அந்த அவகாசத்தைத் தின்றுவிடும்.

இப்போது அடுத்த கட்டம் வந்திருக்கிறது. டாக்டர் தனியாகப் பேச வேண்டியதே இல்லை. அவரும் நோயாளியும் பேசிக்கொள்வதை அறையில் இருக்கும் ஃபோன் கேட்டு, செயற்கை நுண்ணறிவு அதைச் சுருக்கிக் குறிப்பாக எழுதிவிடுகிறது. டாக்டர் திரையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் பழைய இயந்திரம் தவறாகக் கேட்டது, புதியது இல்லாததையும் எழுதக்கூடும். விஸ்பர் என்ற பிரபலமான மென்பொருளைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 100 பதிவுக்கு ஒன்றில் யாருமே சொல்லாத வாக்கியங்கள் இருந்தன. பேச்சில் நீண்ட இடைவெளி இருந்தால் இது அதிகம். ஆள் மௌனமாக இருந்த இடத்தில் கோடு விடாமல், கதை எழுதி நிரப்பியிருக்கிறது.

நம் கையில் இருப்பது

அமெரிக்காவில் 2021 முதல் டாக்டர் எழுதும் குறிப்பைத் தாமதம் இல்லாமல் நோயாளி படிக்க வழி செய்திருக்கிறார்கள். அதற்கு முன்பே தங்கள் குறிப்பைப் படித்துப் பார்த்தவர்களிடம் கேட்டபோது, ஐந்தில் ஒருவர் அதில் தவறு இருப்பதாகச் சொன்னார்.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 2002இல் வந்த மருத்துவ கவுன்சில் விதிகளின்படி, உள்நோயாளி ரெக்கார்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் மடித்துப் பையில் வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கிறோம். இன்ஷூரன்ஸ்காரன் கேட்டால்தான் அது வெளியே வரும்.

அதனால் பழைய எடிட்டர் என்ற முறையில் ஒரு பட்டியல் தருகிறேன். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் உட்கார்ந்து, பிள்ளையையோ மருமகளையோ சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயரும் வயதும் சரியா? வலது, இடது மாறவில்லையே? ஒத்துக்கொள்ளாத மருந்து எழுதியிருக்கிறதா? ஒவ்வொரு மாத்திரையின் டோஸும் நர்ஸ் வாயால் சொன்னதோடு பொருந்துகிறதா? இல்லாத வியாதி ஒன்று இருப்பதாகவோ, இருக்கும் சர்க்கரை இல்லை என்பதாகவோ வந்திருக்கிறதா? நமக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ஆபரேஷன் ஆனது எந்தக் கால் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். "இது 15ஆ 50ஆ டாக்டர்?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.